பார்வையும் தீர்ப்பும்: சரிதா வழக்கின் சமத்துவ வாதம்

பிரிந்து சென்ற துணை சேர்ந்து வாழ ஆணையிடுமாறு கோரும் தாம்பத்திய உரிமை மீட்புக்கு வழிசெய்யும் இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவு செல்லாது என 1983 ஜூலையில், சரிதா வழக்கில், ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு நவம்பரில், ஹர்விந்தர் கௌர் வழக்கில், தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி அவத் பிகாரி ரோஹத்கி அப்பிரிவு செல்லும் என்றார். முன்னதைத் தனியுரிமைத் தீர்ப்பு என்று மட்டுமே கொள்வதும், நீதிபதி தம் சொந்தக் கருத்தைச் சட்டத்தின்மேல் ஏற்றிவிட்டார் என்று குறைகூறுவதும் ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டன. தீர்ப்பின் பிற்பகுதியை ஊன்றிப் படித்தால் இவ்விரண்டும் நிற்கமாட்டா.

அப்பகுதி அரசியலமைப்பின் சமத்துவம் குறித்த 14ஆவது உறுப்பைப் பற்றியது. 9ஆவது பிரிவு கணவன், மனைவி இருவருக்கும் பொதுவானது; சட்டவாசகத்தில் பால் வேறுபாடு இல்லை. சௌத்ரி அதோடு நிறைவடையவில்லை. நடைமுறையில் இப்பரிகாரத்தைப் பெரும்பாலும் கணவன்மார்களே நாடுகின்றனர், கருவைச் சுமக்கும் விளைவு மனைவிக்கே நேர்கிறது, ஆகவே சமமற்றோரைச் சமமாக நடத்துவது சமத்துவமாகாது என்று வாதிட்டார். சட்டத்தின் சொல்லை விட்டு விளைவை அளக்கும் இந்த அணுகுமுறையையே, மறைமுகப் பாகுபாடு என்ற பெயரில், 2021இல் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ரோஹத்கிக்கும் ஒரு பார்வை உண்டு. இல்லத்துக்குள் அரசியலமைப்பைக் கொண்டுவருவதைப் பீங்கான் கடையில் காளையை விடுவதற்கு அவர் ஒப்பிட்டார். அந்தப் பீங்கான் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. குடும்பம் சமமானவர்களின் கூட்டு என்பது அவருக்கு மெய்ப்பிக்க வேண்டாத முற்கோள். சௌத்ரியும் தம் கூற்றுக்குப் புள்ளிவிவரம் அடுக்கவில்லைதான். ஆயினும் அதை உண்மை பற்றிய கூற்றாக வெளிப்படையாக முன்வைத்தார். அத்தகைய கூற்றைச் சான்று காட்டி மறுக்கலாம். முற்கோளை அவ்வாறு மறுக்க வழியில்லை.

மறுக்கும் சான்று போலத் தோன்றுவது 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சரோஜ் ராணி வழக்கு. ரோஹத்கியின் கருத்தை ஏற்று சௌத்ரியின் தீர்ப்பை நிராகரித்த வழக்கு அது. அங்கே சேர்ந்து வாழக் கோரியவர் மனைவி. கணவன் இசைய, 1978இல் தீர்ப்பாணை பிறந்தது. ஓராண்டு கழிந்ததும், இருவரும் சேர்ந்து வாழவில்லை என்று சொல்லி, அதே ஆணையைக் காட்டிக் கணவன் மணவிலக்குக் கோரினார். கணவன் தன்னை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து பின் வெளியேற்றிவிட்டார் என்றார் மனைவி. உச்ச நீதிமன்றம் மணவிலக்கை உறுதிசெய்து, ஜீவனாம்சத்துக்கு உத்தரவிட்டது.

மனைவியரும் இப்பரிகாரத்தை நாடுவர் என்பதற்கு இவ்வழக்கு சான்றுதான். ஆனால் வாழ்வு கேட்டுப் பெற்ற ஆணையே அவரை வெளியே நிறுத்தும் கருவியாயிற்று. ஒரே வழக்கைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், சௌத்ரியின் வாதத்தை வீழ்த்திய வழக்கின் நிகழ்வுகளே அவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன என்று கொள்ள இடமுண்டு.

நீதிபதி தம் பார்வையைக் கழற்றி வைத்துவிட்டே தீர்ப்பெழுத வேண்டும் என்ற ஆட்சேபம் நெடுநேரம் விவாதிக்கத் தக்கதன்று. இவ்விருவரில் எவரும் அப்படிச் செய்யவில்லை. பாலினப் பாகுபாட்டு வழக்கில் கேட்க வேண்டியது, நீதிபதியின் பார்வை மறுப்புக்கு இடம்தரும் வகையில் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறதா என்பதே. அந்த அளவுகோலில், மேல்நிலையில் தோற்ற சௌத்ரியின் தீர்ப்பே சட்ட முறைக்கு நேர்மையானது.