கவறு, கழகம், கை: அல்சூர் வள்ளுவரும் சூதாட்டச் சொற்களும்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில் நிற்கும் திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டும், எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துக் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. இச்சிலைகளின் கதை இரு மாநில உறவின் வரலாறாகவே பேசப்படுகிறது. ஆனால் அல்சூரில் நிற்பவர் ‘சூது’ என்று ஓர் அதிகாரமே (94) இயற்றியவர். அதே நகரத்து உயர்நீதிமன்றம் 2022இல் எதிர்கொண்ட ஒரு வினாவுக்கு அவ்வதிகாரத்தின் கலைச்சொற்கள் மிக நெருக்கமானவை.

935ஆம் குறள் மூன்று சொற்களை அடுக்குகிறது: கவறு, கழகம், கை. கவறு என்பது உருட்டும் காய். கழகம் என்பது சூதாடும் களம். கை என்பதற்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருள், ஆடுதற்கு வேண்டிய கைத்தொழில், அதாவது ஆட்டத்திறன். கருவி, இடம், திறன் என்ற இம்மூன்றையும் விடாது பற்றியவர் வறியவராவர் என்பது குறளின் கருத்து.

இவற்றுள் கழகம் நெடுந்தொலைவு நகர்ந்த சொல். குறளில் சூதாடுமிடம், கம்பராமாயணத்தில் கலை பயிலும் இடம், இன்று பல்கலைக்கழகமும் அரசியல் கட்சியும். மக்கள் கூடும் இடம் என்ற பொதுப்பொருளே இப்பொருள்களை இணைக்கிறது. ‘காசினோ’வின் பயணம் இதற்கு எதிர்த்திசையிலானது. இத்தாலிய மொழியில் ‘சிறுவீடு’ எனப் பொருள்பட்ட அச்சொல், கேளிக்கைக் கூடமாகிப் பின் சூதாட்டக் கூடமாயிற்று.

சூதாட்டக் கூடத்தின் மொழியில் அதை நடத்துபவருக்குப் பெயர் ‘ஹவுஸ்’. அவருக்கு எப்போதும் உள்ள கணித ஆதாயம் ‘ஹவுஸ் எட்ஜ்’. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள் உள்ளன. ஒரே எண்ணில் பணம் வைத்து வென்றவருக்கு, வைத்த பணத்தோடு அதன் 35 மடங்கு கிடைக்கும். சமன்பட வேண்டுமானால் 36 மடங்கு கிடைக்க வேண்டும். இந்த ஒரு மடங்குக் குறைவால், 100 ரூபாய்க்குச் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கூடத்திற்குச் சேர்கிறது. யாரும் ஏமாற்றத் தேவையில்லை. ஒன்றைப் பெற்று நூற்றை இழப்பவர் என்று சூதரைக் குறிக்கும் 932ஆம் குறளும், வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடும் 931ஆம் குறளும் இந்த நிலையையே சுட்டுகின்றன.

திறனால் ஆடினால் அது சூதா? இந்தியச் சட்டம் நெடுங்காலமாக ‘அன்று’ என்றே விடை கூறிவந்தது. ரம்மி முதன்மையாகத் திறன் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்ய 2021இல் கர்நாடகம் காவல் சட்டத்தைத் திருத்தியது. திறன் ஆட்டங்களையும் அத்திருத்தம் தடைக்குள் கொண்டுவந்ததால், 2022 பிப்ரவரி 14 அன்று உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமோ, திறனாயினும் வாய்ப்பாயினும் பணம் வைத்து ஆடுவதை ஒன்றாகவே கருதித் தடைசெய்கிறது.

நீதிமன்றம் ஆராய்ந்தது அரசியலமைப்பு தரும் உரிமையை. வள்ளுவர் பேசியது வாழ்வின் கேட்டை. இரண்டையும் ஒன்றாக்க இயலாது. ஆயினும் கவறோடும் கழகத்தோடும் கையையும் வள்ளுவர் ஒரே வரிசையில் வைத்தது கவனத்திற்குரியது. போக்கர், ரம்மி போன்றவற்றில் ஆட்டத்தை நடத்துபவர் ஆடுவதில்லை. சேரும் பணத்தில் ‘ரேக்’ என்னும் பங்கை எடுத்துக்கொள்வார். வல்லவர் வல்லாதவரிடம் வெல்லலாம். யார் வென்றாலும் களத்தின் பங்கு குறையாது. திறன், ஆடுவோரிடையே மட்டுமே வேறுபாடு செய்கிறது.

தமிழ்நாட்டுச் சீட்டாட்டப் பேச்சில் ‘ஒரு கை குறைகிறது’ என்றால் ஆள் குறைகிறது என்று பொருள். குறளில் திறனைக் குறித்த சொல், சீட்டுக்கட்டைச் சுற்றி அமர்ந்த இடத்தில் ஆளையே குறிக்கிறது. ‘திறன் ஆட்டம்’ என்ற தொடர் வழக்காடுமன்றத்தில் ஆட்டத்தின் இயல்பை வகைப்படுத்துகிறது. விளம்பரத்திலோ ஆடுபவரைப் புகழ்கிறது. இழப்பவர் அதனாலேயே இழப்புக்குத் தம் திறன் குறைவே காரணம் என்று எண்ணி, மறுநாளும் களத்திற்குத் திரும்புகிறார்.