ஏர்முனையில் பிறந்த பட்டப்படிப்பு

இந்தியாவில் வேளாண் பொறியியல் ஒரு பட்டப்படிப்பாகத் தொடங்கியது 1942இல், அலகாபாத்தை அடுத்த நைனியில். சாம் ஹிக்கின்பாட்டம் 1910இல் யமுனைக் கரையில் நிறுவிய அலகாபாத் வேளாண்மை நிறுவனமே அதன் களம். அப்படிப்பைத் தொடங்கிவைத்தவர் மேசன் வாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்.

அவர் நைனிக்கு வந்தது 1921இல். வகுப்பறைக்கும் பாடத்திட்டத்துக்கும் முன்னால் அவர் எதிர்கொண்டது ஒரு கலப்பையின் சிக்கல். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுமே தவிரப் புரட்டாது. மண்ணைப் புரட்டும் மேலைநாட்டு இரும்புக் கலப்பையையோ இங்குள்ள சிறிய எருதுகளால் இழுக்க முடியாது. ஓர் இணை எருதுகளின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன்தான். அந்த வரம்புக்குள் இயங்க வேண்டும். ஏழை உழவர் வாங்கும் விலையில் அமைய வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் உருவானவையே ‘வாஹ் வாஹ்’, ‘ஷாபாஷ்’ என உழவர் மொழியின் பாராட்டுச் சொற்களையே பெயராகக் கொண்ட கலப்பைகள். பட்டப்படிப்பு இந்த அனுபவத்துக்குப் பின்னரே வந்தது என்பது கருதத்தக்கது.

விடுதலைக்குப் பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. 1952இல் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இதைக் கற்பிக்கத் தொடங்கியது. 1960இல் பந்த்நகரிலும் 1962இல் லூதியானாவிலும் அமெரிக்க நிலக்கொடைக் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்ட வேளாண் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. உள்நாட்டு டிராக்டர் உற்பத்தி தொடங்கியதும் அதே காலத்தில்தான். பாடத்தின் மையம் எருதிலிருந்து எந்திரத்துக்கு நகர்ந்தது. அது தவிர்க்க முடியாத மாற்றம். உற்பத்திப் பெருக்கத்துக்கு அது துணைநின்றதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் நிலத்தின் அளவு எந்திரத்தோடு சேர்ந்து வளரவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர், உடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்தவை. டிராக்டரின் செலவைக் கணக்கிடும் பாடநூல்கள் அது ஆண்டுக்கு 1,000 மணி நேரம் உழைப்பதாகக் கொள்வது வழக்கம். ஒரு ஹெக்டேரை ஒருமுறை உழச் சில மணி நேரமே போதும். தேய்மானமும் வட்டியும் எந்திரம் ஓடாத நாள்களிலும் ஏறிக்கொண்டே இருப்பவை; அச்சுமை சிறு உழவரின் கடனாக முடிகிறது.

எனவே எந்திரத்தை வடிவமைப்பதோடு பொறியாளரின் பணி நிறைவடைவதில்லை. யாருடைய உடைமை, எத்தனை வயல்களுக்குப் பகிர்வது, வாடகை எவ்வளவு, பழுதானால் எங்கே சரிசெய்வது ஆகிய கேள்விகளே பண்ணைத் தொழில்நுட்ப மேலாண்மையின் உள்ளடக்கம். பல பாடத்திட்டங்களில் அது எந்திரப் பாடங்களுக்குப் பின்வரும் ஒரு சிறு தாளாகவே ஒதுங்கி நிற்கிறது.

நைனியில் உழவரின் வரம்பே முதல் பாடமாக இருந்தது. அன்று அந்த வரம்பு எருதின் இழுவிசை. இன்று அது நிலத்தின் பரப்பு. அதை அளக்கக் கற்பிக்காத பட்டம் எந்திரத்தை மட்டுமே அறிந்த பட்டமாக நின்றுவிடும்.