அரண்மனை விருந்தில் சர்வர்களுக்கு சிக்னல் லைட்! மன்னர்கள், அதிபர்களுக்கு எப்படிப் பரிமாறுகிறார்கள்?

ஒரு நாட்டின் மன்னரோ அதிபரோ சாப்பிட உட்காரும்போது, பின்னால் நிற்கும் சர்வருக்கு என்ன வேலை? தட்டை வைக்கணும், எடுக்கணும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் நடக்கும் அரசு விருந்தையே எடுத்துக்கொள்ளலாம். மேஜையைச் சுற்றி பரிமாறுவதற்கென 19 இடங்கள். ஒவ்வொன்றிலும் 4 ஊழியர்கள். அதில் ஒருவர் ஒயினுக்கு மட்டும். மொத்தம் 76 பேர் ஒரே நேரத்தில் நகர வேண்டும். மன்னர் பேசிக்கொண்டிருக்கும்போது "சூப் எடுத்துட்டு வாங்க" என்று யாரும் குரல் கொடுக்க முடியாது இல்லையா? அதற்காகத்தான் மண்டபத்தில் சிக்னல் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். நீல விளக்கு எரிந்தால் தயாராக நிற்க வேண்டும். மஞ்சள் எரிந்தால் பரிமாற வேண்டும். மேஜையில் ஒவ்வொருவருக்குமான இடத்தை ஸ்கேல் வைத்து அளப்பதும் உண்டு.

டெல்லி ராஷ்டிரபதி பவனிலும் இதேபோன்ற ஏற்பாடு இருக்கிறது. முன்னாள் குடியரசுத் தலைவர்களின் ஓவியங்கள் மாட்டப்பட்ட விருந்து மண்டபத்தில் ஒரே நேரத்தில் 104 பேர் அமரலாம். எப்போது பரிமாறுவது, எப்போது தட்டுகளை எடுப்பது என்பதை அங்கேயும் விளக்குகள்தான் ஊழியர்களுக்குச் சொல்கின்றன.

குனிந்து வணங்கியே ஆகணுமா?

பிரிட்டன் மன்னரைச் சந்திப்பவர்களுக்குக் கட்டாய விதி எதுவும் இல்லை என்று அரச குடும்பமே சொல்கிறது. விருப்பப்பட்டால் ஆண்கள் தலையை மட்டும் லேசாகத் தாழ்த்தலாம், பெண்கள் முழங்காலை லேசாக மடக்கலாம். கை குலுக்கினாலும் போதும். முதல்முறை 'யுவர் மெஜஸ்டி', அதன் பிறகு வெறும் 'சார்'. நம்ம ஊர் ஆபீஸில் கூப்பிடுவது மாதிரியே!

உண்மையான சிக்கல் தட்டில்

வணக்கத்தில் தவறு நடந்தால் சமாளித்துவிடலாம். சாப்பாட்டில் அது கஷ்டம். அதனால்தான் தலைவர் வருவதற்கு முன்பே ஒவ்வாமை, மத வழக்கம், பிடிக்காத உணவு எல்லாவற்றையும் அதிகாரிகள் கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

அப்படிக் கேட்டும் ஒத்துவராமல் போவதுண்டு. 2015-ல் ஈரான் அதிபர் ரூஹானிக்கு பாரிஸில் விருந்து கொடுப்பதாகப் பேச்சு நடந்தது. மேஜையில் ஒயின் இருக்கக் கூடாது என்றது ஈரான் தரப்பு. ஒயின் இல்லாத விருந்தா என்றது பிரான்ஸ். கடைசியில் விருந்தே கைவிடப்பட்டது.

2017 நவம்பரில் சோல் நகரில் டிரம்ப்புக்குக் கொடுத்த விருந்தில் ஒரு இறால் பிரச்சினையானது. அதன் பெயர் டோக்டோ இறால். தென்கொரியாவின் கட்டுப்பாட்டில் உள்ள டோக்டோ தீவுகள் தங்களுடையது என்பது ஜப்பானின் வாதம். மெனு வெளியானதும் டோக்கியோ அதிருப்தி தெரிவித்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே இஸ்ரேல் போனார். நெதன்யாகு வீட்டில் விருந்து. சாப்பாடு முடிந்து இனிப்பு வந்தது. புதுமையாக இருக்கட்டும் என்று சமையல்காரர் யோசித்ததோ என்னவோ, சாக்லேட்களை உலோகத்தில் செய்த ஷூவுக்குள் வைத்து மேஜையில் பரிமாறினார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது ஜப்பானியர் வழக்கம். நமக்கும்தான். சாப்பாட்டு மேஜையில் ஷூவா என்று ஜப்பான் தூதரக வட்டாரங்கள் கொதித்ததாகச் செய்திகள் வந்தன.