பொற்பனைக்கோட்டையில் கிடைத்த சூதுபவளம்: இது பவளமே இல்லையா?

புதுக்கோட்டை அருகே, சங்ககாலக் கோட்டை இருந்த பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2023-ல் நடத்திய அகழாய்வில் தங்க மூக்குத்தி, சூதுபவள மணி கிடைத்தன.

சூதுபவளம்னா பவளமா?
இல்லை. செவ்வாய்க்கு உகந்த ராசிக்கல்னு விற்கும் பவளம், கடல்வாழ் உயிரினத்தின் கூடு. சூதுபவளமோ குவார்ட்ஸ் வகைக் கல். அதிலுள்ள இரும்பு ஆக்சைடுதான் செந்நிறம் தருது. சூடாக்கினால் நிறம் கூடும்.

எங்கிருந்து வந்தது?
தமிழக அகழாய்வுகளில் கிடைக்கும் சூதுபவளம் குஜராத் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அப்போதே கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்தன.

ஏன் முக்கியம்?
தூரத்துக் கல்லையும் தேடி வாங்கி அணியும் ஆசையும் வசதியும் இங்கே இருந்ததை இந்த மணி காட்டுது. ராசிக்காக அணிந்தாங்களா, அழகுக்காகவா என்பதை மணியை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது.

வாங்கும்போது கவனிக்க: பெயரை மட்டும் பார்த்து பவளம் விலை கொடுத்துடாதீங்க. ரெண்டும் வேற வேற.