மங்கலதேவி மலையில் ஒரு தம்பதி

கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் முட்டிக்கொள்ளும் மலைவிளிம்பில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், இடிந்தும் சரிந்தும் கிடக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும், பொதுமக்களுக்கு அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்புகள் ஏறுகின்றன. கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்களும் உண்டு. இடத்துக்கு இரு மாநிலமும் உரிமை கோருவதால், இரு மாவட்ட ஆட்சியர்களும் முன்கூட்டியே கூடிப் பேசித்தான் விழாவை நடத்துகிறார்கள். அன்றைக்குக் கண்ணகி சன்னதியில் பெண்களுக்கு மங்கல நாணும் வளையலும் கொடுப்பது வழக்கம். யோசித்துப் பார்த்தால் இது வியப்பான வழக்கம். கணவனை அநியாயமாகக் கொலைக்குக் கொடுத்து, ஒற்றைச் சிலம்போடு தெருவில் நின்று, வளையலை உடைத்தெறிந்தவள் கண்ணகி. கைம்பெண்ணை மங்கல காரியத்தில் ஒதுக்கிவைத்த சமூகம், அவள் கையிலிருந்து தாலிக்கயிறு வாங்கிக்கொள்வது எப்படி?

வழக்கமான விடை, கற்பு. எல்லாவற்றையும் பொறுத்த பத்தினி, ஆகவே தெய்வம். இந்த விடை போதாது என்பதற்குச் இளங்கோவின் சிலப்பதிகாரத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. பெரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் மலைக்குறவர்கள் வந்து, ஒரு முலை இழந்த பெண் வேங்கை மரத்தடியில் நின்றதையும், கணவனோடு விண்ணேறியதையும் சொல்கிறார்கள். உடனிருந்த புலவர் சாத்தனார் மதுரையில் நடந்ததை விவரிக்கிறார். கேட்ட செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளிடம் கேட்கும் கேள்விதான் முக்கியம். கணவன் இறந்த கணமே உயிர்விட்ட பாண்டிமாதேவி, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பெண், இருவரில் வியக்கத்தக்கவர் யார்? அந்தக் காலத்து இலக்கணப்படி பார்த்தால் பாண்டிமாதேவிக்குத்தான் முதலிடம். கணவனுக்குப் பிறகு அவள் ஒரு நொடிகூட வாழவில்லை. வேண்மாளோ, அவள் வானுலகச் செல்வம் பெறட்டும், நாம் வழிபட வேண்டியவள் இவள்தான் என்கிறாள். தம்பதிகளை எதிரெதிரே நிறுத்தி நிறுத்துப் பார்ப்பது இன்றைய தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பழகிய உத்தி. இளங்கோ அதை ஓர் அரசியின் வாயில் தீர்ப்பாகவே வைத்துவிட்டார். கணவனுக்காக உயிர்விடுவது மட்டுமே அளவுகோல் என்றால் இந்தத் தீர்ப்பு தலைகீழ். வேறொரு அளவுகோல் இருந்திருக்க வேண்டும். அது, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எதை மறைத்தார்கள், எதைச் சொன்னார்கள் என்பது என்றே நான் கருதுகிறேன்.

கண்ணகியின் கணவன் கோவலன் கொலையுண்ட அன்று பாண்டியன் அரண்மனையில் நடந்ததை நெருங்கிப் பார்ப்போம். நாடக மகளிரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் மனம் போனதைக் கண்டு தேவிக்கு ஊடல். அதை அவள் வெளியே சொல்லவில்லை. தலைவலி என்று ஒரு காரணம் சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அரசனுக்கும் உண்மை தெரியாமலில்லை. அவனும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அமைச்சரை விட்டுவிட்டு, அவளைச் சமாதானம் செய்ய அந்தப்புரத்துக்கு விரைகிறான். வாசலில் எதிர்ப்படுகிறான் பொற்கொல்லன், தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்ற பொய்யோடு. மனம் முழுக்கத் தேவியிடம் இருந்த அரசன் விசாரிக்கவில்லை. காவலரை ஏவிவிட்டு உள்ளே போகிறான். ஒரு கொலைக்கு முன்னால் இளங்கோ இவ்வளவு சிறிய, எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒரு மறைப்பை வைத்திருக்கிறார். தேவியைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. நேராகப் பேசிக்கொள்ளாத இருவரின் இடைவெளியில் மூன்றாவது ஆளின் பொய் நுழைந்துவிட்டது. அதற்கு விலை கொடுத்தவன் தெருவில் போன ஒருவன்.

கோவலனும் அவன் காதலி மாதவியும் பிரிந்ததும் இதே வகைதான். புகார்க் கடற்கரையில் அவன் யாழெடுத்து வேறொருத்தியை நினைப்பவன் போலப் பாடுகிறான். அவள் வாங்கி, வேறொருவனை நினைப்பவள் போலப் பாடுகிறாள். இருவரும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். மாதவியின் முதல் கடிதத்தை அவன் வாங்க மறுக்கிறான். மதுரை வழியில் கோசிகன் கொண்டுவந்த இரண்டாம் கடிதத்தைப் படித்த பிறகே, அவள் பிழை செய்யவில்லை, தீது என்னுடையது என்று உணர்கிறான். நம்பிக்கை வந்தது, வழியிலேயே, பிந்தி.

கண்ணகியோடு அவன் கழித்த கடைசி நாள் வேறு மாதிரி. ஆயர் சேரியில் மாதரி என்பவள் கொடுத்த இடத்தில், கண்ணகி சமைத்த சோற்றை உண்ட பிறகு, கோவலன் தன் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: பெற்றோருக்குச் செய்த கேடு, கெட்ட சகவாசம், இந்தக் கொடிய வழியில் அவளை நடக்க வைத்தது. எழு என்றதும் எழுந்தாயே, என்ன செய்துவிட்டாய் என்று கலங்குகிறான். அவள் பதில் கணவனைத் தேற்றும் பதில் அல்ல. நீர் இல்லாததால் விருந்தினரைப் பேணும் கடமையை இழந்தேன். மாமனும் மாமியும் என் முகத்துப் பொய்ச் சிரிப்பைப் பார்த்து வருந்தினார்கள். மேலோர் போற்றாத வழியில் நடந்தீர். மாறாத மனம் எனக்கு இருந்ததால் கூட வந்தேன். குற்றச்சாட்டை அவன் முகத்துக்கு நேரே வைத்துவிடுகிறாள். தன் சிரிப்பு பொய்யாக இருந்ததையும் சேர்த்தே சொல்கிறாள். விற்பதற்குச் சிலம்பை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவன் மறைத்தது ஒன்றே ஒன்று: கண்ணில் வந்த நீர். அவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று.

அதனால்தான் அரசவையில் அவளால் அப்படிப் பேச முடிந்தது. ராமாயணத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடி, தோல்பாவைக்கூத்தாக அதை நடத்தும் மரபு இருக்கிறது. அந்தக் கதையில் சோதிக்கப்படுபவள் மனைவி. கணவன் நம்ப நெருப்பு சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சிலம்பில் சந்தேகத்துக்கு ஆளானவன் கணவன். சாட்சி சொல்ல வருபவள் மனைவி. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. கோவலன் தன்னிடம் எதையும் ஒளிக்கவில்லை என்பது உறுதியாகத் தெரிந்த ஒருத்திதான் அத்தனை துணிவாகச் சிலம்பை உடைக்க முடியும்.

எல்லாம் ஊழ்வினை என்று நூலே சொல்கிறதே, நம்பிக்கை எங்கே வந்தது என்று கேட்கலாம். மதுராபதி தெய்வம் சொல்லும் அந்த முற்பிறவிக் கதையைப் படித்தால் ஐயம் தீரும். கலிங்கத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் பொய் சொல்லிக் கொல்லவைத்தவன் பரதன். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி விழுந்து சாபமிடுகிறாள். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தவன். ஊழின் வேரிலும் இருப்பது ஒரு பொய்ச் சாட்சியம்தான். ஊழ் நூலின் வாதத்தைக் கலைக்கவில்லை, இன்னொரு தம்பதியைக் கொண்டுவந்து அதைப் பெருக்குகிறது. இன்னொரு மறுப்பு கனமானது. கண்ணகி ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தாளே, அதைத்தானே பொறுமை என்று கொண்டாடினார்கள்? உண்மை. அந்த மௌனத்துக்கு அவள் கொடுத்த விலையை நூல் மறைக்கவும் இல்லை. ஆனால் மலைமேல் குறவர் கண்டு கும்பிட்டது மௌனமாக வீட்டில் இருந்த பெண்ணை அல்ல. பேசித் தீர்த்து, வழக்குரைத்து, நகரையும் எரித்துவிட்டு வந்தவளை.

இந்த மலைதான் அந்த மலையா என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. கண்ணகி நின்ற குன்றுக்கு வேறு ஊர்களும் உரிமை கோருகின்றன, வழிபாட்டில் கொடுங்கல்லூருக்குத் தனி இடம் உண்டு. மங்கலதேவி கோயிலை 1963-இல் ஆராய்ந்து கண்ணகி கோட்டம் என்று அறிவித்தவர் கரந்தை பேராசிரியர் சி. கோவிந்தராசனார். நிலவியல் அவர் பக்கம் நிற்கிறது. வைகைக் கரை பிடித்து மேற்கே நடந்து மலையேறியவள் கண்ணகி. குறவர் செய்தி போய்ச் சேர்ந்தது பெரியாற்றங்கரைக்கு. வைகைப் படுகையும் பெரியாற்றுப் படுகையும் தோள்தொட்டு நிற்பது குமுளி மலையில்தான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி ஒன்றின் நீரை மற்றொன்றில் விட முடிந்ததும் அந்த நெருக்கத்தால். ஆனாலும் என் வாதம் இடத்தை நிறுவுவதைச் சார்ந்து நிற்கவில்லை. இந்த மலையில் கூடுகிறவர்கள் எந்தக் கண்ணகியை நினைக்கிறார்கள் என்பதைச் சார்ந்தது அது.

கதை போன இடமெல்லாம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கோவலன் கதையில் கண்ணகி காளியின் அவதாரம். கேரளத்துத் தோற்றம் பாட்டுகளில் அவள் பகவதியோடு ஒன்றிவிட்டாள். ஆற்றுக்காலில் அந்தப் பாட்டில் பாண்டியன் வதம் முடிந்ததும் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். மட்டக்களப்பில் கொம்புமுறி விளையாட்டுக்கு ஊரே இரண்டாகப் பிரிந்து, ஒரு சேரி கோவலனுக்கும் மறு சேரி கண்ணகிக்கும் நிற்கிறது. தெய்வத்தின் உக்கிரம் வளர வளர, கணவன் மனைவி பேசிக்கொண்ட அந்த ஆயர் சேரி மதியம் மங்கிப்போகிறது. மங்கலதேவி மலையில் அது மங்கவில்லை. இங்கே அவள் உக்கிரம் தணிந்து, கணவனோடு சேர்ந்து புறப்பட்டவள். மங்கல நாண் கொடுக்க அவளுக்கு உரிமை வந்தது அந்தச் சேர்க்கையால். அந்தச் சேர்க்கைக்குத் தகுதி வந்தது இருவரும் ஒளிவுமறைவு தீர்த்துக்கொண்டதால்.

கோயிலைச் சீரமைப்பது பற்றிய பேச்சு இரு மாநிலங்களுக்கிடையே நெடுநாளாக இழுபடுகிறது. சரிந்த கற்களை எடுத்துநிறுத்த வேண்டும், தாமதிக்கக் கூடாது. அது நடக்கும்வரை காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. சித்ரா பௌர்ணமியன்று நாண் வாங்க வரிசையில் நிற்கும் பெண்களும் கூட வந்த ஆண்களும் கேட்கும்படி, அரசவையில் அவள் முழங்கியதோடு நிறுத்தாமல், மாதரி வீட்டில் அவள் கோவலனிடம் பேசியதையும் தமிழிலும் மலையாளத்திலும் அங்கே வாசிக்க வேண்டும்.