அளவும் அங்கமும்

கண்டி நகருக்கு அணித்தே உள்ள கடலாதெனிய விகாரம் 1344ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் தலைமைச் சிற்பாசாரியர் தென்னிந்தியரான கணேசுவராசாரி என்பவர். அம்மரபினர் உருவத்தின் எழிலை உயரத்தில் அன்று, உறுப்புகளின் பொருத்தத்திலேயே கண்டனர். கண்டிச் சிற்பிகள் புத்தர் திருவுருவம் வகுக்கக் கைக்கொண்ட 'சாரிபுத்திரம்' என்னும் அளவு நூலை, ஆனந்த குமாரசுவாமி தமது 1908ஆம் ஆண்டு ஆங்கில நூலில் ஆராய்ந்துள்ளார்.

தென்னாட்டுச் சிற்ப நூல்கள் கூறும் உத்தம தசதாலத்தில் முழு உயரம் 124 அங்குலம். இவ்வங்குலம் அடிக்கோலின் அங்குலமன்று. உருவத்துக்கே உரிய விரலளவு. உச்சி முதல் தொடைமூலம் வரை 62; அதன்கீழ் 62. தொடை 27, முழங்காலின்கீழ்க் கணைக்காலும் 27. ஒன்று மிகுந்தால் எல்லாம் பிறழும்.

இன்றோ எலும்பையே நீட்டலாம். 1905இல் இத்தாலிய மருத்துவர் கொடிவில்லா தொடையெலும்பை நீட்டும் சிகிச்சையை அறிவித்தார். 1950களில் சைபீரியாவின் கூர்கான் நகரில் இலிசாரோவ், வெட்டிய எலும்பை வளையச் சட்டத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் விலக்கினால் இடையே புதிய எலும்பு விளையும் என்று நிறுவினார்.

ஒரு கால் குறுகியோர்க்கு இது பெரும்பேறு. உயர வேட்கையொன்றாலேயே இதனை நாடுவோர் எண்ணவேண்டியது வேறு. கால் நீளும்; கையும் மார்பும் நீளா. தசையும் நரம்பும் எலும்போடு ஈடுகொடாவிடின் மூட்டு விறைக்கும். கம்பி பாய்ந்த இடத்தில் சீழும் பிடிக்கலாம்.

அளவு பிழைத்த சிற்பி வேறொரு கல்லைத் தேடலாம். மெய்க்கு மாற்றுக் கல் இல்லை.