ஒற்றைத் தலைவலியும் நோயாளியின் மொழியும்

யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவ மரபிலே தலைநோய்க்குத் தனியிடம் உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்ததெனக் கருதப்படும் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பாகம் பாகமாகப் பதிப்பித்தபோது, சிரரோக நிதானமே முதற்பாகமாய் அமைந்தது. நாடியோடு நோயாளி உரைக்கும் குறிகளையும் கொண்டே அம்மரபு நோயைத் துணிந்தது.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தை மானிப்பாயிலே தமிழிற் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘மனுஷ சுகரணம்’ (1883) ஆகிய நூல்கள் மூளையையும் நரம்பையும் தமிழிலேயே விளக்கின. அவர் 1873இல் நாடு திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை.

ஒற்றைத் தலைவலி பற்றிய புதிய அறிவு அதன் பின்னரே வளர்ந்தது. 1941இல் அமெரிக்க அறிஞர் கார்ல் லாஷ்லி, தம் பார்வையிலே தோன்றிப் பரவிய மறைப்பைத் தாமே அளந்து, மூளையில் ஒரு மாற்றம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நகர்வதாகக் கணித்தார். 1944இல் பிரேசில் நாட்டவரான லியாவோ, முயலின் மூளை மேற்பட்டையில் மின்னியக்கம் அடங்கி, அதனையொத்த மெதுவான வேகத்திற் பரவுதலைக் கண்டார். 1980களில் மொஸ்கோவிற்ஸ் குழுவினர் எலியின் முக்கிளை நரம்பைத் தூண்டியபோது, மூளையுறைக் குருதிக்கலன்கள் கசிந்து அழற்சி உண்டாயிற்று. நோவுக்குக் குருதிக்கலன் விரிவு மட்டுமே காரணம் என்ற பழைய கருத்து இதனால் ஆட்டங் கண்டது.

ஆயினும், எலியில் அக்கசிவைத் தடுத்த மருந்துகள் சில மனிதரின் நோவைத் தணிக்கவில்லை. மாறாக, நோவுற்றோரின் கழுத்துக் குருதியிலே சி.ஜி.ஆர்.பி. என்னும் நரம்புப் பெப்ரைட்டு மிகுந்திருத்தலை 1990இல் கோட்ஸ்பி, எட்வின்சன் ஆகியோர் காட்டினர். அதனைத் தடுக்கும் எதிர்ப்புடல் மருந்துகள் 2018 முதல் பயனுக்கு வந்தன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? விலங்கு நோவின் பொறிமுறையைக் காட்டும், நோவை உரைக்காது. புறத்தே புண்ணோ வீக்கமோ இல்லாமையால், ‘வெறும் தலையிடி’ என இகழப்பட்ட துன்பம் உடலின் மெய்யான நிகழ்ச்சியே என்பதை ஆய்வுகூடம் நிறுவியது. எனினும் அந்நோவு எங்கே தொடங்குகிறது, ஒளி ஏன் கூசுகிறது என்பவற்றை நோயாளியே சொல்லுதல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவ பீடமும், 1984இல் சித்த மருத்துவக் கற்கையும் தொடங்கின. கிறீன் விட்டுச்சென்ற பணியை இவ்விரண்டின் மாணவரும் தொடர்வாராயின், தலையைப் பிடித்தபடி வந்திருப்பவரின் சொல்லும் ஆய்வுகூடத்தின் சொல்லும் ஒரே மொழியிற் சந்திக்கும்.